டிரம்ஸ்காரிக்குப் பூ, பிள்ளையாருக்குத் தேங்காய்

பாரிஸில் எனக்கு மூன்று சுஷிக் கடைகள் இருக்கின்றன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால் பெருமை அடிக்கிறான் என்பீர்கள். முதலில் சொன்னால் அது அறிமுகம். நான் படித்தது ஆறாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. சாவகச்சேரியில் வாத்தியார் என்னைப் பார்த்து, உனக்கு மாடு மேய்க்கத்தான் வரும் என்றார். அது வரவில்லை. மீன் வெட்ட வந்தது. இன்றைக்கு என் கடையில் ஒரு மேசை வேண்டுமென்றால் படித்தவர்கள் எல்லாம் போன் எடுத்துக் கெஞ்சவேண்டும்.

அகதியாகப் போய் இறங்கிய புதிதில் ஒரு ஜப்பான்காரரின் குசினியில் கோப்பை கழுவினேன். அங்கே ஒரு சின்ன டிவியில் எந்நேரமும் ஜப்பான் பாட்டு நிகழ்ச்சிகள் ஓடும். கை கோப்பையைக் கழுவும், கண் டிவியில் இருக்கும். அப்படித்தான் எனக்குக் கத்தியும் பிடிபட்டது, பாட்டும் பிடித்தது. எங்கள் ஆட்கள் ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று ஓடித்திரிய, நான் மீன் சந்தைக்கும் கடைக்கும் ஜப்பான் கச்சேரிகளுக்குமாக ஓடித்திரிந்தேன். அதனால் ஒரு சங்கத்திலும் நான் தலைவர் இல்லை. இழப்பு சங்கங்களுக்குத்தான்.

இப்போது நான் பின்தொடர்வது 'நெகோஜிதா' என்ற ஐந்து பெண்களின் ராக் குழு. பூனை நாக்கு என்று பொருள். சூடான தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிக்கும் ஆட்களை ஜப்பானில் அப்படிச் சொல்வார்களாம். ஐவரும் நாற்பதைத் தாண்டியவர்கள். கிமோனோ உடுத்து, வணக்கம் வைத்து, மிக மரியாதையாகக் காதைக் கிழிப்பார்கள். ரசிகன் என்று சொன்னால் ஐவரில் ஒருவரைத் தன் ஆளாக வைத்துக்கொள்ளவேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் உண்டு. அந்த நிறத்தில் எரியும் விளக்குக்குச்சியைத்தான் கையில் பிடித்து ஆட்டவேண்டும். என் ஆள் டிரம்ஸ் வாசிக்கும் மிட்சுகோ. நிறம் மஞ்சள். அவருடைய அடிக்குத்தான் நான் மீன் வெட்டுவேன். அவர் தாளம் பிழைவிட்டால் என் விரல் போய்விடும். இதுவரை பத்து விரலும் இருக்கிறது.

ஆனால் ஒரு வருடத்துக்கும் மேலாக அவர் மேடையில் இல்லை. மணிக்கட்டில் சத்திரசிகிச்சை. இனி வாசிக்கமாட்டார் என்று கதை பரவியது. பிறகு திடீரென்று அறிவித்தார்கள்: லண்டன் மேடையில் மிட்சுகோ திரும்பி வருகிறார்.

இப்படியான நாட்களில் ஜப்பான் ரசிகர்கள் ஒரு காரியம் செய்வார்கள். ஆள் உயரத்துக்குப் பூ அலங்காரம் ஒன்று செய்து, யார் கொடுத்தது என்று பலகையும் எழுதி, மண்டப வாசலில் நிறுத்துவார்கள். கலைஞர்கள் மேடைக்குப் போகமுன் வந்து பார்ப்பார்கள். எங்கள் ஐரோப்பிய ரசிகர் குழுவில் டொக்டர், பேராசிரியர், கணினி ஆட்கள் என்று பலர். பூவை யார் பொறுப்பெடுப்பது என்று கைத்தொலைபேசியில் ஒரு கிழமையாக மாநாடு நடத்தினார்கள். நான் ஒரே ஒரு குரல்பதிவு அனுப்பினேன். "தமிழனுக்குப் பூவைப் பற்றி ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன்." மாநாடு முடிந்தது.

வியாழக்கிழமை லண்டனில் இறங்கினேன். தென் லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் தங்கை யோகா வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. விம்பிள்டனில் டிராம் ஏறியதும் பாரிஸ் குசினியிலிருந்து அழைப்பு: "முதலாளி, சால்மன் வரேல்லை." கத்திப் பேசிச் சால்மனை வரவழைத்துவிட்டு நிமிர்ந்தால், இறங்கவேண்டிய இடம் எப்போதோ தாண்டி, டிராம் குரொய்டனில் நின்றது. எதிரே இருந்த வெள்ளைக்காரக் கிழவர் தன் மனைவியிடம், "இந்த மனிதர் யாரையோ வேலையிலிருந்து நிறுத்திவிட்டார் போலிருக்கிறது" என்றார். நான் யாரையும் நிறுத்தவில்லை. மீனோடு பேசிப் பழகிய குரல், கொஞ்சம் உரப்பு.

லண்டனில் எனக்குப் பிடித்தது தேத்தண்ணி. பிடிக்காதது மன்னிப்பு. காலை மிதித்தவனும் மன்னிப்புக் கேட்கிறான், மிதிபட்டவனும் கேட்கிறான். பாரிஸில் இருவரும் ஏசுவார்கள், கணக்குத் தீர்ந்துவிடும்.

யோகா இடியப்பமும் சொதியும் கணவாய்க் கறியும் வைத்திருந்தாள். கறி அருமை. கணவாயை மட்டும் இன்னும் மெல்லிசாக வெட்டியிருக்கலாம், சொன்னேன். "அப்ப நாளைக்கு நீங்களே வெட்டுங்கோ" என்றாள். பிறகு, "என்னண்ணை திடீரெண்டு வந்திருக்கிறியள்?" என்று கேட்டாள்.

இந்த வயதில் டிரம்ஸ் கேட்க வந்தேன் என்று சொன்னால் இரவோடிரவாக ரொறன்ரோ வரைக்கும் செய்தி போய்விடும். "விம்பிள்டன் பிள்ளையாருக்கு ஒரு நேர்த்தி" என்றேன்.

யோகாவின் முகம் மலர்ந்துவிட்டது. "உங்களுக்கு இப்பவாவது கடவுள் நம்பிக்கை வந்துதே. ஞாயிற்றுக்கிழமை அருச்சனை செய்விப்பம். நான் எல்லாம் ஆயத்தப்படுத்திறன்."

வெள்ளிக்கிழமை டூட்டிங் போனேன். கொத்துரொட்டி அடிக்கும் சத்தத்தை வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டேன். அடிக்கிற பெடியனுக்குத் தாளம் நன்று, இடது கை மட்டும் சோம்பல். மிட்சுகோவிடம் மூன்று மாதம் விட்டால் தேறுவான். பிறகு குகனைப் பார்க்கப் போனேன். குகன் மணவறை அலங்காரக்காரன். தென் லண்டனில் அவன் கை படாமல் எந்தத் தமிழ்ப் பெண்ணும் பெரியபிள்ளை ஆவதில்லை, கலியாணம் கட்டுவதும் இல்லை.

"ஆள் உயரத்துக்கு வேணும் தம்பி. நடுவில அவவின்ர படம். சுத்திவர மஞ்சளும் வெள்ளையும்."

"மாலை போடவோ அண்ணை?"

"விசரே? படத்துக்கு மாலை போட்டா ஆள் செத்திட்டா எண்டெல்லோ அர்த்தம். மாலை கூடாது. சட்டம் மாதிரிச் சுத்தி வை."

"அப்ப செவ்வந்திதான் சரி. கட்டினாக் கட்டினபடி நிக்கும்."

இங்கே ஒரு கணம் யோசித்தேன், யோசிக்கவில்லை என்று ஒருவரும் சொல்லக்கூடாது. பிரான்சில் செவ்வந்தியைக் கல்லறைக்குத்தான் கொண்டுபோவார்கள். அது பிரெஞ்சுக்காரனின் பிரச்சினை. ஜப்பானைப் பற்றி எனக்குத் தெரியும். சஷிமி, அதாவது பச்சை மீன் தட்டின் ஓரத்தில் ஜப்பானியர் ஒரு சின்ன மஞ்சள் செவ்வந்தி வைப்பார்கள். என் கையாலேயே எத்தனை தட்டுக்கு வைத்திருப்பேன்! சாப்பாட்டில் வைக்கிற பூ மங்களமான பூவாகத்தானே இருக்கவேண்டும்? "செவ்வந்தியே வை" என்றேன். "தாராளமா வை."

சனிக்கிழமை காலை குகனின் வான் வண்டியில் கேம்டன் பக்கம் போனோம். கச்சேரி நடக்கப்போவது ஒரு பழைய நாடகக் கொட்டகை. வானை நிறுத்த இடமில்லாமல் அந்தப் பகுதியை மூன்று தரம் சுற்றினோம். மூன்றாம் சுற்றில் குகன், "கோயில் எண்டாலும் மூண்டு சுத்தோட விடுவினம்" என்றான். ஒருவழியாகப் பின்வாசலில் இறக்கி, உள்ளே கொண்டுபோய் நிறுத்தித் துணியை விலக்கினோம்.

அழகென்றால் அழகு! நடுவில் மிட்சுகோ சிரிக்கிறார். சுற்றிலும் வெள்ளையும் மஞ்சளுமாகச் செவ்வந்தி அடுக்கடுக்காக. கீழே பலகையில் என் பெயர் கொஞ்சம் பெரிதாக, குழுவின் பெயர் கொஞ்சம் சிறிதாக. குகனுக்கு இடம் போதாமல் போய்விட்டதாம்.

வாசலில் மேசை போட்டு மற்ற ரசிகர்களின் பூக்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஜப்பானியப் பெண்மணி எழுந்து வந்தார். கேய்கோ என்று பெயர். லண்டனில் நெடுங்காலம் இருப்பவர், எங்கள் குழுவின் மூத்தவர். என்னைவிட இரண்டு வயது கூட இருக்கும். வந்தவர் நடுவழியில் நின்றுவிட்டார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆனந்தத்தில்தான் பொத்துகிறார் என்று நினைத்தேன்.

"யார் இறந்தது?" என்று கேட்டார்.

என் ஆங்கிலம் அரைகுறை. என் ஜப்பான் மொழி முழுக்க மீனைப் பற்றியது. அதனால் அவர் பொறுமையாக, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். ஜப்பானில் செத்தவீட்டில்தான் இப்படிச் செய்வார்களாம். நடுவில் இறந்தவரின் படம், சுற்றிலும் வெள்ளையும் மஞ்சளுமாகச் செவ்வந்தி.

"சஷிமித் தட்டில் வைக்கிறீர்களே?" என்றேன்.

"அது சாப்பிடுகிற செவ்வந்தி. சின்னது. அதை வேறு யாரும் இப்படி எண்பது கிலோவுக்குக் கட்டுவதில்லை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு வருடமாக அவளுடைய கை செத்துவிட்டது என்று ஊரெல்லாம் பேசியது. இன்றைக்குப் பயந்து பயந்து வருகிறாள். உள்ளே வந்ததும் முதலில் பார்க்கப்போவது தன் செத்தவீட்டை."

விலக்கிய துணியை எடுத்துத் திரும்பவும் மூடினேன். அகதி முகாமில் நான் எதையும் மூடி மறைக்கவில்லை, வரி அதிகாரிகள் கடைக்கு வந்தபோதும் மறைக்கவில்லை. அன்று மறைத்தேன்.

குகன் தலையைச் சொறிந்தான். "நீங்கள் ஜப்பானெல்லாம் தெரியுமெண்டியள் அண்ணை."

"மீன் தெரியும் எண்டனான்."

"இல்லை, எல்லாம் தெரியும் எண்டனீங்கள். என்ர வேலையாளும் கேட்டவன்."

பக்கத்துப் பூக்கடையில் விசாரித்தோம். அந்த அளவில் செய்ய இரண்டு நாள் வேண்டுமாம், மன்னிப்பும் கேட்டார்கள். குகனின் பிளாஸ்டிக் ரோசா முழுவதும் குரொய்டனில் ஒரு கலியாண மணவறையில் நின்றது, அவனும் அங்கேதான் போகவேண்டும். கேய்கோ முடிவாகச் சொன்னார்: "அவள் மாலையில் வருவாள். அதற்கு முன் இது இங்கே இருக்கக்கூடாது. வேறு ஏதாவது கிடைத்தால் கொண்டு வாருங்கள். கிடைக்காவிட்டால் வெறும் இடமாக இருக்கட்டும்."

வெறும் இடம்! என் பெயர் போட்ட வெறும் இடம்!

எல்லாவற்றையும் திரும்ப வண்டியில் ஏற்றினோம். யோகா வீட்டில் என்னை இறக்கும்போது குகன் கேட்டான்: "இவ்வளவு நல்ல செவ்வந்தி, குப்பையில போட மனம் வரேல்லை அண்ணை. போற வழியில விம்பிள்டன் பிள்ளையாரிட்டக் குடுத்திட்டுப் போகவோ?"

"குடு. படத்தை மட்டும் கழட்டு."

"பலகை?"

"பலகை கிடக்கட்டும்" என்றேன். எவ்வளவு துக்கத்திலும் நிதானம் இழக்கக்கூடாது.

வீட்டுக்குள் போனால் மேசையில் யோகா என் நேர்த்திக்கு எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தாள். துலக்கிய பித்தளைக் குடம், மாவிலை, முடியோடு நல்ல முற்றின தேங்காய். ஒழுங்கு பார்ப்பதற்காக மாவிலையைச் செருகித் தேங்காயை மேலே வைத்தும் இருந்தாள். நிறைகுடம்! எங்கள் வீடுகளில் ஒருவர் நல்லபடி வந்து சேர்ந்தால் வாசலில் வைப்பது இதைத்தானே? வெளிநாட்டிலிருந்து வருபவருக்கும் வைக்கிறோம், புதுப்பெண்ணுக்கும் வைக்கிறோம். எனக்குத் தலைக்குள் லைட் பத்தியது. குடத்தில் கை வைத்தேன்.

யோகா மற்றப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கோ. முதல் ஒண்டு சொல்லுங்கோ. ஆர் அந்த மிட்சுகோ?"

"ஆர் உனக்குச் சொன்னது?"

"ரெண்டு நாளா போனில மிட்சுகோ, மிட்சுகோ எண்டுதானே கதைக்கிறியள். மிட்சுகோவுக்குப் பூ, மிட்சுகோ வாறா, மிட்சுகோவின்ர கை. எனக்கென்ன காது செவிடே? அண்ணிக்குத் தெரியுமோ இது?"

நான் வாயைத் திறக்குமுன் பாரிஸில் என் மனைவிக்கு அழைப்பு எடுத்துவிட்டாள். அதுவும் சத்தத்தைக் கூட்டி. என் மனைவி கடையில் காசுப்பெட்டியில் இருந்தபடியே பேசினாள். "அந்த டிரம்ஸ்காரியோ? அவவின்ர படம் எங்கட பிரிட்ஜிலயும் ஒட்டிக் கிடக்கு. வயசு போன நேரத்தில குடியாமக் கிடக்கிறார், விடு யோகா. அங்க நிக்கிறாரே? சோயா சோஸ் முடிஞ்சுதாம் எண்டு சொல்லு."

யோகா போனை வைத்தாள். "அப்ப நேர்த்தி?"

நடந்ததை முழுவதும் சொன்னேன், செத்தவீட்டுப் பூ வரைக்கும். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம் அந்தப் பிள்ளை" என்றாள். நாற்பது தாண்டிய பிள்ளை. "நானும் வாறன். நீங்கள் தனியப் போனா மாவிலையைத் தலைகீழாச் செருகுவியள்."

தன் மகளின் கலியாணத்துக்கு வாங்கிக் கொல்லைக் கொட்டிலில் போட்டிருந்த பிளாஸ்டிக் வாழைமரம் இரண்டையும் எடுத்து வந்தாள். குலையும் பொத்தியுமாக, என் தோளுக்கு மேல் உயரம். அப்படியாகப் பட்டுச்சேலையில் யோகா குடத்தோடும், நான் இரண்டு வாழையோடும், டூட்டிங் வரைக்கும் பஸ்ஸில் போய் அங்கிருந்து நிலத்தடி ரயில் ஏறினோம்.

லண்டன் ரயிலில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று சொல்வார்கள். பொய். பார்க்காத மாதிரிப் பார்ப்பார்கள். ஒரு பெண் நிமிராமலே தன் சிநேகிதியிடம், "பழம் உண்மையா?" என்று கேட்டாள். "கேளேன்." "நீ கேள்." மூன்று நிலையம் தாண்டியும் இருவரும் கேட்கவில்லை. கடைசியில் பியர் மணத்தோடு ஏறிய ஒருவர் நேராக வந்து ஒரு பழத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. "மன்னிக்கவும்" என்று வாழைமரத்திடம் சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

வாசல் காவலாளி தேங்காயை விரலால் தட்டிப் பார்த்தார். வாழையை ஸ்கான் பண்ணும் கருவி அவர்களிடம் இல்லை. கேய்கோ ஓடி வந்தார். "இது எதற்கு வைப்பது? சாவுக்கு இல்லையே?" என்று முதலில் கேட்டார். அந்த மனுசிக்கு இனி என்மேல் நம்பிக்கை வருவது கஷ்டம். யோகா தன் லண்டன் ஆங்கிலத்தில் விளக்கினாள்: "ஆரும் நல்லபடி திரும்பி வந்தா வைக்கிறது." வாழை இரண்டும் இரு பக்கம், நடுவில் நிறைகுடம். நெருப்புக் கூடாது என்பதால் பற்றரியில் எரியும் மெழுகுதிரிகள். பேராசிரியர்மார் அனுப்பிய ரோசாக்களுக்கு நடுவில் எங்களுடையது மட்டும் கலியாணவீடு.

வராத ரசிகர் ஒருவரின் சீட்டைக் கேய்கோ யோகாவுக்குக் கொடுத்தார். வெளியே வரிசை. இதை நான் எழுதித்தான் ஆகவேண்டும். ஜப்பான் முறையில், சீட்டில் உள்ள இலக்கப்படி நிற்கிறார்கள். எனக்கு முந்தின இலக்கக்காரர் வரும்வரைக்கும் நான் அவருக்கு இடம் விட்டு நிற்கிறேன். எங்கள் ஆட்கள் வைக்கும் 'நட்சத்திர இரவு' கச்சேரிகளை நினைத்துக்கொண்டேன். இலக்கம் போட்ட கதிரையில் வேறு குடும்பம் இருக்கும், எழும்பச் சொன்னால் "நாங்கள் ஸ்பொன்சரின்ர சொந்தம்" என்பார்கள். பாட்டுக்காரர் வாயைத் திறக்குமுன் நான்கு பிரமுகர்கள் பேசி, அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, பொன்னாடை போர்த்தியவருக்கும் பொன்னாடை போர்த்துவார்கள். ஜப்பான்காரர் குறித்த நேரத்தில் தொடங்கிவிடுகிறார்கள். பிரமுகர் என்று ஒருவரும் இல்லை. நான் ஒருவன் இருந்தேன், கேட்கத்தான் ஆளில்லை.

விளக்கணைந்தது. மண்டபம் முழுவதும் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் குச்சிகள். யோகாவிடம் குச்சி இல்லை, வீட்டிலிருந்து கொண்டுவந்த பற்றரி மெழுகுதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் காதுக்குள் கத்தினாள்: "அந்த ஊதாச் சேலைப் பிள்ளை, பெரிய கிட்டாரோட ஓரமா நிக்குது. அதுக்கேன் ஒருத்தரும் ஆட்டினமில்லை?"

"அது பேஸ் வாசிக்கிறவ. அவவுக்கு ஆக்கள் குறைவு."

"அநியாயம்" என்று சொல்லி மெழுகுதிரியை அந்தப் பக்கம் திருப்பினாள்.

மிட்சுகோ பின்னால் இருந்தார். மணிக்கட்டில் கறுப்புப் பட்டி. முதல் பாட்டுகளில் அடக்கித்தான் வாசித்தார். மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது, அந்தக் கையை நம்பி மீன் வெட்டியவனுக்குத் தெரியும். அடி ஒவ்வொன்றும் விழுமுன் யோசித்தது. இறுதிப் பாட்டின் நடுவில் அவர் தனியாக வாசிக்கும் இடம் ஒன்று உண்டு. சத்திரசிகிச்சைக்கு முந்திய கடைசிக் கச்சேரியில் அந்த இடத்தில்தான் குச்சி கைநழுவியது.

அந்தப் பாட்டுக்கு முன் அவர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். கேய்கோ எனக்கு மொழிபெயர்த்தார்.

"இன்றைக்கு வாசலில் ஒரு பானை பார்த்தேன். மேலே முடி வளர்ந்த ஒரு தலை, சுற்றிலும் இலைக் காதுகள். என்னைப்போலவே அதுவும் மேக்கப் போடாமல் வந்திருக்கிறது என்று நினைத்தேன்." மண்டபம் சிரித்தது. "விசாரித்தேன். நீண்ட நாள் கழித்து வருபவரை வரவேற்க வைப்பார்களாம். ஒரு வருடமாக எல்லோரும் என் கையைப் பற்றித்தான் கேட்டார்கள். வந்துவிட்டாயா என்று கேட்டது இந்தத் தலை மட்டும்தான்."

குனிந்து கதிரைக்கடியிலிருந்து தேங்காயை எடுத்தார். யோகாவின் தேங்காய். பிள்ளையாருக்கென்று வாங்கின தேங்காய். ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பிடித்துக் குச்சியால் ஒரு தட்டுத் தட்டினார். டொக்.

அத்தனை பேரும் மூச்சு விடாமல் இருந்த அந்த நேரத்தில் யோகா தமிழில் கத்தினாள்: "பயப்பிடாமல் ஓங்கி அடி பிள்ளை! முத்தின தேங்காய்!"

மிட்சுகோ அந்தத் திசையைப் பார்த்து ஒரு குனிவு குனிந்தார். பிறகு வாசித்தார். அந்த இடம் வந்தது. என் கையிலிருந்த மஞ்சள் குச்சியை ஆட்ட மறந்துபோனேன். கை யோசிக்கவில்லை. குச்சி நழுவவில்லை. டூட்டிங் கொத்துரொட்டி, கொட்டகைக் கூரை, என் நெஞ்சு எல்லாம் ஒரே நேரத்தில் அடிபட்டது. என் கண்ணில் நீர் வந்தது. சுஷிக்குத் தொட்டுக்கொள்ளும் காரத்தின் மேல் பழியைப் போட்டு, "வசாபி" என்றேன் யோகாவிடம். "எங்க வசாபி?" என்று சுற்றிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பாரிஸ் ரயிலுக்கு முன் விம்பிள்டன் கோயிலுக்குப் போனோம். பொய்யென்றாலும் சொன்ன நேர்த்தி நேர்த்திதான் என்று யோகா விடவில்லை. உள்ளே போனால் பிள்ளையார் தெரியவில்லை, செவ்வந்திதான் தெரிந்தது. வெள்ளையும் மஞ்சளுமாக, தும்பிக்கை மட்டும் வெளியே. ஓரத்தில் என் பலகை. சனம் வாசித்துப் பார்த்து என்னைத் திரும்பிப் பார்த்தது. ஐயர் வந்து, "இவ்வளவும் உங்கட உபயமோ? இப்பிடியொரு சாத்துப்படி கனகாலத்துக்குப் பிறகு" என்றார்.

"ஏதோ எங்களால ஏலுமானது ஐயா" என்றேன். அடக்கம் எனக்கு எப்போதும் உண்டு.

அருச்சனைத் தட்டை நீட்டினேன். பூ இருந்தது, வெற்றிலை இருந்தது. ஐயர் தேடினார். "தேங்காய்?"

கைத்தொலைபேசியை எடுத்து அவரிடம் காட்டினேன். காலையில்தான் மிட்சுகோ போட்டிருந்தார்: ஓடும் பஸ்ஸில் ஜன்னல் பக்கத்து இருக்கை, இருக்கைப் பட்டி கட்டிக்கொண்டு அந்தத் தேங்காய். அடுத்த ஊர்க் கச்சேரிக்குப் போகிறது.

ஐயர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், யோகாவைப் பார்த்தார். தட்டை வாங்கிக்கொண்டு கேட்டார்: "ஆற்ற பேருக்கு அருச்சனை?"

"மிட்சுகோ."

"நட்சத்திரம்?"

"தெரியாது ஐயா."

"அப்ப சுவாமியின்ர பேருக்கே செய்வம்" என்று திரும்பினார்.

யோகா அவரை மறித்து இன்னொரு தட்டை நீட்டினாள். இதில் தேங்காய் இருந்தது.

"ஐயா, இது அந்த பேஸ் வாசிக்கிற பிள்ளைக்கு. பாவம், அதுக்கு ஒருத்தருமில்லை."